காய்ச்சல் இல்லாதவருக்கும் சி.ஆர்.பி.

கிருலப்பனையில் பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தாலே வைத்தியர் எழுதித் தருவது எஃப்.பி.சி. எனும் முழு இரத்த எண்ணிக்கையும் சி.ஆர்.பி.யும்தான். டெங்குவோடு வாழப் பழகிய கொழும்புத் தாய்மாருக்கு அந்தத் துண்டு புதிதல்ல. இப்போது அதே சி.ஆர்.பி. முன்னால் 'எச்.எஸ்.' (உயர் உணர்திறன்) என்று போட்டுக்கொண்டு, ஒரு வருத்தமும் இல்லாதவர்களின் முழு உடற்பரிசோதனைப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

இரண்டு சி.ஆர்.பி. சோதனைகளும் அளப்பது 'சி-ரியாக்டிவ்' என்ற ஒரே புரதத்தை. 1930இல் நியூயோர்க்கில் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் கண்ட இதைச் சுரப்பது ஈரல். பக்டீரியா தொற்றினால் நூறு மடங்குக்கும் மேல் ஏறும். எச்.எஸ். முறை கவனிப்பதோ அடிமட்டத்துச் சிறு அசைவை. லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மாரடைப்பு அபாயம் குறைவு, 3ஐத் தாண்டினால் கூடுதல் என்று 2003இல் அமெரிக்க இதயச் சங்கம் கோடு கிழித்தது.

வெறும் வியாபாரம் என்று இதைத் தள்ளவும் முடியாது. 2008இல் வெளிவந்த 'ஜுபிட்டர்' ஆய்வில், கெட்ட கொலஸ்ட்ரோல் கூடாத, ஆனால் சி.ஆர்.பி. 2ஐத் தொட்ட 17,802 பேர் இருந்தார்கள். கொலஸ்ட்ரோல் குறைக்கும் ஸ்டட்டின் வகை மருந்தான ரோசுவஸ்டட்டின் எடுத்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ பாதியாகின. ஆனால் சி.ஆர்.பி. குறைந்தவர்களை அதில் சேர்க்கவேயில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி; சோதனைக்கு அரைச் சாட்சிதான்.

நமக்கு நெருக்கமானது 2001இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு. வெள்ளையரைவிட இந்திய வம்சாவளி ஆண்களுக்கு சி.ஆர்.பி. 17 சதவீதம் அதிகம். காரணம் தேடிப் போனால் அகப்பட்டது தொப்பையும் இன்சுலின் எதிர்ப்பும். வயிற்றுக் கொழுப்பு அனுப்பும் சமிக்ஞையில்தான் ஈரல் இதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அப்படியென்றால் தையற்காரரின் அளவு நாடாவே பாதிச் சங்கதியைச் சொல்லிவிடும்: இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகவே பார்க்கலாம். அதை விட்டுவிட்டு எச்.எஸ்.சி.ஆர்.பி.க்கு முதலில் காசு கட்டுவது எனக்குத் தலைகீழாகவே படுகிறது. ஸ்டட்டின் தொடங்குவதா வேண்டாமா என்று வைத்தியரே யோசிக்கும் நிலையில் உள்ளவருக்கு மட்டும் அந்த எண் உண்மையில் உதவும்.

எடுப்பதானால் தடிமன், பல்வலி, முரசு வீக்கம் இல்லாத நாளில் எடுங்கள். 10ஐத் தாண்டினால் அது இதயக் கணக்கல்ல. எங்கோ தொற்றோ காயமோ இருக்கும். இரண்டு கிழமை விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் அலகையும் கவனியுங்கள். டெசிலீற்றர் கணக்கில் 0.3 என்று அச்சிட்டிருந்தால், அது லீற்றருக்கு 3.