யன்னலுக்கு வெளியே ஒரு மரம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் செனட் கட்டடத்துக்குக் கீழே நிற்கிறவருக்கு, உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று ஒரு மயக்கம் வரும். தூண்கள் உண்டு, சுவர் இல்லை. மழை பெய்தால் ஈரமண் வாசம் நேரே முகத்தில் அடிக்கும். 1952இல் மாணவர்கள் குடிவந்த இந்த வளாகத்துக்குப் பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டம் வகுத்தார்கள். கட்டடங்களை வரைந்தவர் ஷேர்லி டி அல்விஸ். கட்டடத்துக்குள் இயற்கையைக் கொண்டுவரும் 'பயோபிலிக்' என்ற பெயரில் இன்று விலைபோகிற அலங்காரம் அன்று பெயரில்லாமலே இங்கே இருந்தது.

பச்சையைப் பார்த்தால் மனம் ஆறும் என்பது வெறும் பேச்சா? 1984இல் ரோஜர் உல்ரிச் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேரின் யன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முந்தி வீடு போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் பின்னால் வந்த பலவற்றுக்கு வழி திறந்தது. காரணத்தை உளவியலாளர்களான கப்லான் தம்பதி இப்படி விளக்கினார்கள்: பாடப்புத்தகமும் கணக்கும் கவனத்தை இழுத்துப் பிடித்துக் களைக்க வைக்கின்றன, அசையும் இலையோ அதைக் கேட்காமலே வாங்கி, இளைப்பாற விடுகிறது.

அதற்காக மேசையில் ஒரு மணிபிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று நம்ப வேண்டாம். அந்த வேலையைத் திறந்த யன்னல் நன்றாகச் செய்யும். சாடித் தட்டில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்புதான் வளரும்.

இயற்கையோடு ஒட்டிக் கட்டுவதன் அருமையைக் கண்டியின் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா அறிந்திருந்தார். 1958இல் வட்டப்புளுவை வீடமைப்பில், குடிவரப்போகிறவர்களிடமே தேவைகளைக் கேட்டு, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் வீடுகளை அதன் போக்கில் அமைத்தார்.

தேயிலைத் தோட்டப் பக்கம் ஏறினால் கதை வேறு. தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயத்தில் ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்சுவரில் யன்னலுக்கு இடமே இல்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள் படமெடுக்கும் அதே பச்சைக்கு நடுவே, உள்ளே பட்டப்பகலிலும் அடுப்புப்புகை படிந்த இருட்டு. இஸ்தோப்பு விளிம்பில் மட்டும், பழைய பால்மா டின்களில் மண் நிரப்பி யாரோ பூச்செடி வைத்திருப்பார்கள்.