உள்ளே திறக்கிறது, வெளியே மறுக்கிறது: மைஎஸ்க்யூஎல் 8.0 கெடுவும் ஒரு பழைய குழப்பமும்

மைஎஸ்க்யூஎல் 8.0-க்கான ஆதரவுக்கு ஆரக்கிள் குறித்த கடைசி மாதம் 2026 ஏப்ரல். அதற்காக அவசர அவசரமாக 8.4-க்கு மாறியவர்களின் கடிதங்களில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சர்வர் இருக்கும் கணினியில் உட்கார்ந்து பார்த்தால் டேட்டாபேஸ் திறக்கிறது. பக்கத்து அறைக் கணினியிலிருந்து அழைத்தால் மறுக்கிறது. ஃபயர்வாலை அணைத்தாயிற்று, கேபிளை மாற்றியாயிற்று, பலனில்லை.

கெடு தாண்டினால் என்ன ஆகும்? ஆரக்கிள் தரும் பதில் 'சஸ்டைனிங் சப்போர்ட்'. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், காசு கட்டியவர் உதவி கேட்கலாம். புதிதாக ஓட்டை தெரியவந்தால் அதை அடைக்கும் திருத்தம் மட்டும் வராது. 8.4-க்குச் சூட்டியிருக்கும் பெயர் 'நீண்டகால ஆதரவுப் பதிப்பு': 2024 ஏப்ரலில் தொடங்கி 5 ஆண்டு முழு ஆதரவு, அதற்கு மேல் 3 ஆண்டு நீட்டிப்பு. 8.0-உம் நிலையான பதிப்பாகத்தான் அறிமுகமானது. ஆனாலும் அதன் சில்லறை வெளியீடுகளில் 2023 வரை புதிய அம்சங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வாக்குறுதியைப் படிக்கலாம்.

சரி, மறுப்பது யார்? பிழை எண் 2003 என்று பலரும் எழுதி அனுப்புகிறார்கள். அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை விட்டுவிடுகிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் 111 என்றால் அழைப்பு போய்ச் சேர்ந்து, உடனே 'முடியாது' என்று பதில் வந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த முகவரியில், அந்த போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. 110 என்றால் பதிலே இல்லை. வழியில் ஒரு ஃபயர்வாலோ கிளவுட் நிறுவனத்தின் செக்யூரிட்டி குரூப்போ அழைப்பைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. 113 வந்தால் 'பாதையே இல்லை' என்று செய்தி சொல்லும், அதை நம்பி ரூட்டரை நோண்ட வேண்டாம்: ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் ஃபயர்வால்டி தடுத்தாலும் இதே செய்திதான் வரும். விண்டோஸில் 111-க்கு 10061, 110-க்கு 10060.

1130 அல்லது 1045 என்று வந்தால் நெட்வொர்க்கைத் திட்டுவதை நிறுத்திவிடலாம். அங்கே பேசுவது சர்வரேதான்; கோளாறு பயனர் கணக்கில்.

இனி, கடிதம் எழுதிய பலரும் சத்தியமாக நம்பும் அந்தச் சோதனைக்கு வருவோம். லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் உள்ளே போகிறது, ஆகவே சர்வரில் குறையில்லை என்பது அவர்கள் வாதம். லினக்ஸில் இந்த வாதம் நிற்காது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரைப் பார்த்ததும் மைஎஸ்க்யூஎல்லின் கட்டளை நிரல் நெட்வொர்க் பக்கமே போவதில்லை. வட்டில் இருக்கும் சாக்கெட் கோப்பு ஒன்றின் வழியாக, அதே கணினிக்குள்ளேயே சர்வரைப் பிடித்துவிடுகிறது. கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்தவர் வாசல் கதவு திறந்திருக்கிறது என்று சாட்சி சொல்வது போலத்தான் இது. போர்ட் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தாலும் அதே கதை: 3306-க்குப் பதிலாக 9999 என்று தட்டினாலும் இணைந்துவிடும், தட்டியவர் போர்ட்டைச் சோதித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். இது பிழையல்ல. கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நெட்வொர்க்கைச் சோதிக்க வேண்டுமானால் 127.0.0.1 என்று எண்ணால் கொடுக்க வேண்டும், அல்லது டிசிபி வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டளையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

உபுண்டுவில் இன்னொரு படி. அங்கே ரூட் கணக்குக்கு இயல்பாக இருப்பது சாக்கெட் வழி அங்கீகாரம். 'சுடோ' போட்டுக் கூப்பிட்டால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும். வெளியிலிருந்து அதே ரூட்டாக வர முயன்றால் எந்தப் பாஸ்வேர்டும் உதவாது.

பிஎச்பிக்கும் இந்த சாக்கெட் பழக்கம் உண்டு. ஜாவாவின் கனெக்டர்-ஜேக்கு இல்லை. அது லோக்கல்ஹோஸ்ட் என்றாலும் நெட்வொர்க் வழியாகவே போகும். ஆக, ஒரே கணினி, ஒரே சர்வர், ஒரே பெயர். அதன்மேல் வேர்ட்பிரஸ் தளம் ஓடிக்கொண்டிருக்கும், ஜாவாவில் எழுதிய பில்லிங் மென்பொருள் இணைப்பு மறுக்கப்பட்டது என்று நின்றுவிடும். தளத்தை எழுதியவர் பில்லிங்காரரைக் கைகாட்டுவார், பில்லிங்காரர் சர்வரைக் கைகாட்டுவார்.

கவலைப்பட வேண்டிய வடிவம் ஒன்று இந்தக் குழப்பத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ரூட் பாஸ்வேர்டு மறந்துபோனால் கான்ஃபிக் கோப்பில் 'ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ்' என்று ஒரு வரி சேர்த்து சர்வரை மறுபடி தொடங்குவது காலங்காலமாக நடப்பது. அந்த வரி இருக்கும்வரை சர்வர் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது. 8.0.3 முதல் ஒரு பாதுகாப்பு சேர்ந்தது: அந்த வரியைக் கண்டால் சர்வர் நெட்வொர்க்கைத் தானே மூடிக்கொள்ளும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வேலை முடிந்தபின் வரியை எடுக்க மறந்தவருக்கு என்ன தெரிகிறது? தளம் ஓடுகிறது. வெளியிலிருந்து 111. காரணம் பற்றிப் பிழைச் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. அவர் ஃபயர்வாலில் ஒவ்வொரு விதியாகத் தளர்த்திக்கொண்டே போகிறார்; உள்ளே டேட்டாபேஸ் பூட்டே இல்லாமல் கிடக்கிறது. ஒரு துப்பு லாக் கோப்பில் உண்டு: சர்வர் தயார் என்று அறிவிக்கும் வரியில் போர்ட் எண் 0 என்று இருக்கும்.

எந்த முகவரியில் கேட்பது என்பதைத் தீர்மானிக்கும் 'பைண்ட்-அட்ரஸ்' வரியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆரக்கிளின் சர்வர் இயல்பாக எல்லா முகவரிகளிலும் கேட்கும். உபுண்டு தரும் தொகுப்பு 127.0.0.1-இல் மட்டும். பதிப்பை மாற்றும்போது தொகுப்பின் மூலமும் மாறியிருந்தால், யாரும் எதையும் தொடாமலே வெளியுலகத் தொடர்பு அறுந்துவிடும். உடனே 0.0.0.0 என்று போடச் சொல்லும் ஆலோசனைகள் ஏராளம். மோங்கோடிபியின் கதையைத் தெரிந்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். 2017 தொடக்கத்தில், பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த பல்லாயிரம் மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு பிட்காயினில் பணம் கேட்டார்கள். தடுக்கும் வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்றது நிறுவனம். அது உண்மைதான்; எல்லாத் தொகுப்புகளிலும் இயல்பாகவே வெளி வாசலை மூடிவைக்கும் முடிவு மட்டும் அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 வரை காத்திருந்தது. ஆகவே 'பைண்ட்-அட்ரஸ்' வரியில் சர்வரின் உள்நெட்வொர்க் முகவரியை மட்டும் கொடுத்தால் பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும்.

8.4-க்கு மாறியபின் உள்ளேயும் வெளியேயும் திறக்கவில்லையா? சர்வர் எழவே இல்லாமல் இருக்கலாம். 8.0 காலத்தில் பழைய மென்பொருள்களுக்காகச் சேர்த்த 'டிஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளகின்' என்ற வரியை 8.4 அடையாளம் கண்டுகொள்வதில்லை. தெரியாத அமைப்பு என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். வரியை நீக்குங்கள்.

1524 வருகிறதா? பழைய அங்கீகார முறை 8.4-இல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் அடியோடு இல்லை. தற்காலிகமாக இயக்கிவிட்டு டிரைவரைப் புதுப்பியுங்கள்.

1129? பாதியில் அறுந்த இணைப்புகள் தொடர்ந்து 100-ஐத் தாண்டியதால் உங்கள் கணினியைத் தடுத்துவிட்டது. பழைய 'ஃப்ளஷ் ஹோஸ்ட்ஸ்' 8.4-இல் கிடையாது, ஹோஸ்ட் கேஷ் அட்டவணையைக் காலி செய்ய வேண்டும்.

1040? ஒரே நேரத்தில் 151 இணைப்பு என்பது இயல்பான வரம்பு.

டாக்கரில்? கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த கன்டெய்னர் மட்டுமே.

போஸ்ட்கிரெஸில் இதே சிக்கல்? கேட்கும் முகவரியை மாற்றினால் ரீஸ்டார்ட், அனுமதிக் கோப்பை மாற்றினால் ரீலோட் போதும்.

அமேசான் கிளவுடில் மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்பிலேயே இருக்கலாமா? இருக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.