விளையாட்டும் பதிவும்: எந்தக் கருவி ஏற்றது?



2020ஆம் ஆண்டில், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பவித்ரா, சுகு தம்பதியர் தம் வீட்டுச் சமையலைக் கைப்பேசியில் படம்பிடித்து வெளியிட்டு நாடறியப் பெற்றார்கள். இப்போது நம் மாணவர் சிலருக்குத் தாம் ஆடும் கணினி விளையாட்டையே படமாக்கி வெளியிட ஆசை. ஆனால் சமையலில் அடுப்பு வேறு, கைப்பேசி வேறு. இங்கோ சமைக்கும் அடுப்பே படமும் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் பதிவைத் தொடங்கியவுடன் விளையாட்டு திக்கித் திணறுகிறது. பிள்ளை உடனே, "அப்பா, புதுக் கணினி வேண்டும்" என்கிறான். ஈப்போவுக்குப் பேருந்து ஏறுமுன் சற்றுக் கணக்குப் பார்ப்போம்.

திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் எனக் கொள்வோம். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டு. நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 373 மெகாபைட்டு! இதை அப்படியே வட்டில் எழுத இயலாது, சுருக்கியாக வேண்டும். சுருக்குவது யார் என்பதே கேள்வி.

பால் மரம் வெட்டுகிறவரே பாதியில் கத்தியை வைத்துவிட்டு, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு ஓடினால் நிரை என்னாவது? கணினியின் மூளையான செயலி விளையாட்டையும் நடத்தி, படத்தையும் சுருக்கும்போது நடப்பது அதுவே. வாளி சுமக்கத் தனியாள் வேண்டும். அந்தத் தனியாள் பல கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறார்! இன்டெல் நிறுவனம் 2011 முதல் குவிக் சிங்க் என்ற பெயரிலும், என்விடியா 2012 முதல் என்வென்க் என்ற பெயரிலும் இச்சுருக்கும் பகுதியைத் தம் சில்லுகளில் வைத்து வருகின்றன. ஏஎம்டி சில்லுகளிலும் இத்தகையது உண்டு. பழைய கணினி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும்: இன்டெல் செயலி எண்ணின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதில் வரைகலைப் பகுதி இயங்காது, குவிக் சிங்கும் கிடைக்காது.

இனி மென்பொருள். ஒரு காலத்தில் ஃப்ராப்ஸ் பெயர்பெற்றிருந்தது. அதன் கோப்புகள் வட்டையே விழுங்கும். 2013க்குப் பின் புதுப் பதிப்பும் வரவில்லை. இன்று நாம் பரிந்துரைப்பது 2012இல் தோன்றிய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ. முற்றிலும் இலவசம், முத்திரையும் விழாது. அமைப்புப் பக்கத்தில், சுருக்கும் பணியைச் செயலியிடமிருந்து மாற்றி மேற்சொன்ன தனியாளிடம் ஒப்படைக்க வேண்டும். அது சிக்கலாகத் தோன்றினால், விண்டோஸ் பொத்தானையும் 'ஜி'யையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11இல் உள்ள கேம் பார் திறக்கும். தொடக்கத்துக்கு அதுவே போதும். ஒரு செயலைத்தான் அது பதிவு செய்யும் என்பது குறை. பணம் கட்டும் மென்பொருள்களை இந்நிலையில் யாரும் வாங்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

அப்படியும் படம் துள்ளுகிறதா? ஓ.பி.எஸ்.ஸில் புள்ளிவிவரச் சாளரம் ஒன்று உண்டு. தவறிய படங்களை அது இருவகையாகப் பிரித்துக் காட்டும். சுருக்குவதில் தவறினால், படத்தின் அளவை 1280க்கு 720ஆகக் குறைக்கலாம். நொடிக்கு 30 படமும் மோசமில்லை. வரைவதில் தவறினால், வரைகலைச் சில்லு முழுவதையும் விளையாட்டே பிடித்துக்கொண்டது என்று பொருள். விளையாட்டின் அமைப்பில் நொடிக்கு 60 படம் என வரம்பு கட்டி, நிழல், ஒளி முதலிய அலங்காரங்களைக் குறைக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டிக்கும், இரண்டாம் கணினியில் பதிவு செய்வோர்க்கும் மட்டுமே தனிப் பதிவு அட்டை தேவை. மலிவான அட்டை சிலவற்றின் பெட்டியில் '4கே' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது உள்வாங்கும் அளவு. பதிவாகும் அளவு சிற்றெழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

கோப்பைச் சேமிப்பதிலும் ஒரு செய்தி உண்டு. நொடிக்கு 12 மெகாபிட்டு என்றால் ஒரு மணிப் பதிவுக்கு 5.4 கிகாபைட்டு இடம் வேண்டும். பழைய ஃபேட்32 முறையில் அமைந்த விரலி, 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. இன்னொன்று, சாதாரண எம்பி4 வடிவில் பதிவாகும்போது இடையில் மின்சாரம் போனால் கோப்பு முழுதும் திறவாமற் போகக்கூடும். மழைக்காலப் பிற்பகல்களில் எம்கேவி வடிவில் பதியுங்கள். மின்சாரம் போகும்வரை பதிந்தது மிஞ்சும். பின்னர் ஓ.பி.எஸ்.ஸிலேயே சில நொடிகளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.