காத்திருப்போர் பட்டியலும் பெற்றோரின் கடமையும்

தரம் 1 அனுமதிக்காகத் தனியார் பாடசாலைகளின் காத்திருப்போர் பட்டியலில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு, மாதக்கணக்கில் ஏங்கி நிற்கும் பெற்றோர் பலர். இப்பட்டியல் இடத்துக்கான உத்தரவாதமன்று. எவரேனும் விலகினாலே அடுத்தவருக்கு அழைப்பு வரும். சர்வதேச பாடசாலைகள் பலவும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அரச பாடசாலை அனுமதியில் உள்ளதுபோன்ற மேன்முறையீட்டு வழி அங்கில்லை. ஆகவே, பிள்ளையின் பெயர் எத்தனையாவதாக உள்ளது, செலுத்தும் முற்பணம் மீளக் கிடைக்குமா என்பவற்றைப் பெற்றோர் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பட்டியலை நம்பி அரச பாடசாலைக்கான விண்ணப்பத் திகதியைத் தவறவிடலாகாது. 1945 முதல் நடைமுறையிலுள்ள இலவசக் கல்வி இரண்டாந்தரத் தெரிவன்று. இடம் கிடையாமை ஐந்து வயதுப் பிள்ளையின் தோல்வியுமன்று. வீட்டில் அத்தகைய பேச்சு எழாது காப்பதே பெற்றோரின் முதற் கடமை என நாம் கருதுகின்றோம்.