ஒரு ஆளுக்கு ஒரு காபி: கேப்ஸ்யூல் மெஷின் சிதம்பரம் வந்த கதை

போன வாரம் பேசின எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சுல இருந்த ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ எல்லாத்தையும் வெட்டியாச்சு. கொஞ்சம் அவசரமா சொன்ன ஒரு கணக்கையும் இங்க சரி பண்ணியிருக்கேன்.

உங்கள்ல நிறைய பேர் கேட்ட கேள்விதான்: வீட்டுக்கு அந்த கேப்ஸ்யூல் காபி மெஷின் வாங்கலாமா, வேண்டாமா? நான் ஒண்ணு வாங்கினேன். எனக்காக இல்ல, அம்மாவுக்காக. அதனால ரிவ்யூ மாதிரி பேசாம, என்ன நடந்ததுன்னே சொல்லிடறேன்.

எங்க வீடு சிதம்பரத்துல, வடக்கு வீதியிலிருந்து நடக்கற தூரம். இன்ஜினியரிங் படிச்சதும் அங்கேயே, அண்ணாமலை நகர்ல. இப்போ வேலை சென்னையில. அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகுது. பாட்டி அதுக்கு முன்னாடியே போயாச்சு. நாலு பேருக்கு காலையில அஞ்சு மணிக்குள்ள டிக்காஷன் இறக்கி வெச்ச அம்மா, இப்போ அந்த வீட்டுல தனி ஆள். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனப்போ பார்த்தா, ஒரு டம்ளர்ல இன்ஸ்டன்ட் பொடியைக் கலக்கி, ஆறினதுக்கப்புறம் குடிச்சிட்டு இருந்தாங்க. “பில்டர் என்னாச்சும்மா?”ன்னு கேட்டேன். “ஒருத்திக்கு எதுக்குடா பில்டரு? போட்டாலும் நல்லா வரல, தண்ணியா இருக்கு”ன்னாங்க.

அந்த ரெண்டாவது வாக்கியத்தை நான் அன்னைக்குக் கவனிக்கவே இல்ல. முதல் வாக்கியத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். ‘ஒருத்திக்கு’. சாப்ட்வேர்காரன் மூளை உடனே ஓடுச்சு: பிரச்சினை ஒரு கப், அப்போ தீர்வு ஒரு கப் போடற மெஷின். ஆர்டர் போட்டேன்.

மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா பார்த்திடலாம். ஒரு அலுமினியக் குப்பி, உள்ள அஞ்சு அஞ்சரை கிராம் அரைச்ச காபி, காத்துப் புகாம சீல் பண்ணினது. மெஷின் குப்பியோட ஒரு பக்கத்துல ஓட்டை போட்டு, சூடான தண்ணியை பம்ப் வெச்சு அழுத்தத்தோட உள்ள தள்ளும். இன்னொரு பக்கத்துல இருக்கற மெல்லிய தகடு அந்த அழுத்தத்துல கிழியும். அரை நிமிஷத்துல 40 மில்லி காபி. நம்ம பில்டர்ல இந்த வேலையைப் புவியீர்ப்பு செய்யுது, அதனால இருபது நிமிஷம் ஆகுது. மெஷின் பெட்டியில 19 பார்னு போட்டிருப்பாங்க. அது பம்போட உச்சபட்சம். எஸ்பிரஸ்ஸோ இறங்கறதுக்கு 9 பார் இருந்தா போதும்.

இது எங்க பிறந்ததுங்கறதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்தது. நெஸ்லேயில வேலை பார்த்த எரிக் ஃபாவ்ர்ங்கற சுவிஸ் இன்ஜினியர் யோசிச்சது. 1976-ல பேட்டன்ட், 1986-ல நெஸ்பிரஸ்ஸோன்னு சந்தைக்கு வந்தது. முதல்ல விக்கப் பார்த்தது வீடுகளுக்கு இல்ல, ஆபீஸ்களுக்கு. அமெரிக்காவுல கியூரிக் கம்பெனி 90-கள்ல ஆரம்பிச்ச கே-கப்பும் அதே மாதிரி ஆபீஸுக்குன்னு செஞ்சதுதான். யோசிச்சுப் பாருங்க. நாப்பது பேர் இருக்கற இடம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரத்துக்குக் குடிப்பாங்க. காபி போடறது யாரோட வேலையும் இல்ல, பாத்திரம் கழுவறதும் யாரோட வேலையும் இல்ல. அந்தப் பிரச்சினைக்கு இது அருமையான தீர்வு. அப்புறம் மெஷின் வீட்டுக்குள்ள வந்துச்சு. நெஸ்பிரஸ்ஸோவோட முக்கியமான பேட்டன்ட்கள் 2012 வாக்குல காலாவதியாக ஆரம்பிச்சதும், அதே அளவுல மத்த கம்பெனிகளும் குப்பி போட ஆரம்பிச்சாங்க. நெஸ்பிரஸ்ஸோ இந்தியாவுல முதல் கடையைத் திறந்தது 2025-ல, டெல்லியில.

சரி, சிதம்பரத்துக்கு வருவோம். முதல் வாரம் நல்லாவே போச்சு. உண்மையைச் சொல்லணும்ல. அம்மாவுக்கு வலது மணிக்கட்டுல வலி உண்டு. பில்டரோட மேல் பாத்திரம் சூட்டுல இறுகிட்டா திருகி எடுக்கறதே அவங்களுக்குப் பெரிய பாடு. இங்க ஒரு பட்டன் போதும். அளவு தப்பாது, இன்னைக்குத் திடமா நாளைக்குத் தண்ணியான்னு மாறாது. அரைச்ச பொடியைத் திறந்து வெச்சா மணம் சில நாள்லயே இறங்கிடும். சீல் பண்ணின குப்பியில மாசக்கணக்குல நிக்கும். தனியா இருக்கறவங்க கால் கிலோ பொடி வாங்கி, அது டப்பாவுல செத்துப் போறதை விட இது மேல்.

ஆனா பால்? பாலைக் காய்ச்சித்தான் ஆகணும். விளம்பரத்துல இதை யாரும் சொல்லமாட்டாங்க, ஏன்னா அது கறுப்புக் காபி குடிக்கற ஊருக்குச் செஞ்ச மெஷின். நம்ம வீட்டுல பால் பாத்திரம், கரண்டி, டபரா, டம்ளர் எல்லாம் கழுவத்தான் போறோம். மிச்சமாகறது பில்டர் மட்டும்தான். அரை நிமிஷ காபிங்கறது பொய், பால் பொங்கற வரைக்கும் அடுப்புகிட்ட நிக்கணும்.

சுவைக்கு வருவோம். அம்மா ஒரு வாய் குடிச்சிட்டுச் சொன்னது: “மணம் இருக்கு, திடம் இல்ல.” இதுக்கு மேல துல்லியமா எந்த யூடியூபரும் சொல்லல. காரணம் சிக்கரி. நம்ம பொடியில சிக்கரி கலந்திருக்கும். சட்டப்படி காபி-சிக்கரி கலவையில குறைஞ்சது 51 சதவீதம் காபி இருந்தா போதும், எவ்வளவு கலந்திருக்குன்னு பாக்கெட்ல போடணும். சிக்கரி தண்ணியில நல்லா கரையும், நிறமும் கனமும் கொடுக்கும், தண்ணி சட்டுன்னு இறங்காம பிடிச்சு வெக்கும். நம்ம நாக்குக்கு ‘காபி’ன்னா அந்தக் கனம்தான். நான் வாங்கின குப்பிகள்ல சிக்கரி கிடையாது. நூறு மில்லி பால் ஊத்தினதும் காபி எங்கேயோ காணாம போச்சு.

நம்மதான் இன்ஜினியராச்சே, விடுவோமா? திரும்பத் திரும்ப நிரப்பற ஸ்டீல் குப்பி ஆன்லைன்ல கிடைச்சது. அதுல நம்ம கடைப் பொடியைப் போட்டு அமுக்கி ஓட்டினேன். மெஷின் லாரி மேடு ஏறற மாதிரி முனகிச்சு. மூணு சொட்டு விழுந்தது, அப்புறம் பக்கவாட்டுல தண்ணி கசிஞ்சு மேடை பூரா காபி. நைஸ் பொடியும் சிக்கரியும் சேர்ந்து சேறு மாதிரி அடைச்சிடுச்சு. அம்மா துணியை எடுத்துட்டு வந்து ஒண்ணும் சொல்லாம துடைச்சாங்க. அது திட்டறதை விட மோசம்.

காசு. எபிசோட்ல தப்பா சொன்ன கணக்கு இதுதான். நான் வாங்கின குப்பி ஒண்ணு சுமாரா 50 ரூபாய். அஞ்சரை கிராம். அப்போ கிலோ கிட்டத்தட்ட 9,000 ரூபாய். நாங்க கடையில அரைச்சு வாங்கற பொடி கிலோ 800. பாலும் சர்க்கரையும் ரெண்டு பக்கமும் பொது, வெட்டிடலாம். பில்டருக்கு ஒரு கப்புக்கு 12 கிராம் போட்டாலும் பத்து ரூபாய்க்குள்ள வந்துடும். தினம் ரெண்டு கப்னா மாசம் 3,000-க்கு எதிரா 600-க்கும் கீழ. சென்னையில தினமும் கஃபேக்குப் போய் 200 ரூபாய் கொடுக்கறவங்களுக்கு இந்த மெஷின் சிக்கனம், சந்தேகமே இல்ல. எதோட ஒப்பிடறோம்ங்கறதுதான் இங்க எல்லாமே.

குப்பை பத்தி ரெண்டு பக்கமும் பேசணும். கே-கப்பைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஜான் சில்வனே, இதைச் செஞ்சதுக்காகச் சில நேரம் வருத்தப்படறேன்னு 2015-ல ஒரு பேட்டியில சொன்னார். 2016-ல ஜெர்மனியோட ஹாம்பர்க் நகரம், அரசு அலுவலகங்களுக்குக் காசு கொடுத்து இந்தக் குப்பிகளை வாங்கக் கூடாதுன்னு முடிவெடுத்தது. இன்னொரு பக்கம், ஒரு கப் காபியோட சுற்றுச்சூழல் செலவுல பெரிய பங்கு காபியை விளைவிக்கறதுல இருக்கு. குப்பி பாதிப் பொடியிலயே வேலையை முடிக்குது, அது உண்மையிலேயே ஒரு ப்ளஸ். அலுமினியத்தைத் திரும்ப உருக்க, புதுசா எடுக்கறதுல சுமார் 5 சதவீத மின்சாரம் போதும். ஆனா உருக்கறவங்க கைக்கு அது போய்ச் சேரணுமே! ஒரு குப்பி ஒரு கிராம். ஒரு கிலோ சேர ஆயிரம் குப்பி வேணும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஈரச் சக்கை. எங்க தெரு பழைய இரும்புக் கடை அண்ணன்கிட்ட ஒரு பை கொண்டு போனேன். முகர்ந்து பார்த்துட்டு, “தம்பி, கழுவிக் காய வெச்சு எடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்”னார். பில்டர் சக்கைக்கு இந்தப் பேச்சே இல்ல, நேரா செம்பருத்திச் செடிக்குப் போகுது.

இன்னொண்ணு கரன்ட். கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். 2011 டிசம்பர் 30 தானே புயல் வந்தப்போ நான் ஸ்கூல் பையன். அதுக்கப்புறம் நாள்கணக்குல இருட்டு. அப்பவும் அடுப்புல தண்ணி கொதிச்சது, பில்டர் இறங்கிச்சு, பால் பவுடர்ல காபி கிடைச்சது. அப்பறம் எங்க போர் தண்ணி உப்பு. அதை மெஷின்ல ஊத்தினா உள்ள காரை படியும், கேன் தண்ணிதான் ஊத்தணும். அம்மா கேன் தூக்கணும். மணிக்கட்டு வலின்னு சொன்னேனே.

இதையெல்லாம் கூட சமாளிச்சிருக்கலாம். நிஜமான சிக்கல் வேற இடத்துல இருந்தது. மூணாவது வாரம் ஊருக்குப் போனேன். குப்பிகளை எண்ணிப் பார்த்தேன், அப்படியே இருக்கு. “நீ வந்தா போடலாம்னு வெச்சிருக்கேன்”னாங்க. பக்கத்து வீட்டு அக்கா சாயந்திரம் வந்து உக்காந்து பேசறது வழக்கம். அவங்களுக்கு ஒரு குப்பி போட்டா அம்பது ரூபாய், தனக்கு ஒண்ணு போட்டா இன்னொரு அம்பது. அவங்களுக்கு மட்டும் இன்ஸ்டன்ட் கொடுக்கவும் மனசு வரல. அதனால அக்கா வந்தா காபி பேச்சையே எடுக்கறதில்லையாம். அம்மா சொல்லி நான் இப்படி ஒரு விஷயம் கேட்டதே இல்ல. டிக்காஷன்ல ஒரு தாராளம் இருக்கு. ஒரு ஆள் கூட வந்தா கொஞ்சம் பால் கூட ஊத்திக்கலாம். குப்பியில அது கிடையாது. அது எண்ணி வெச்ச காபி.

இது கலாச்சாரப் புலம்பல் இல்ல. காபியே நம்ம ஊருக்குப் புதுசா வந்தப்போ, காலையில நீராகாரம் குடிச்ச பழக்கம் போச்சேன்னு பெரியவங்க புலம்பியிருக்காங்க. ஆ. இரா. வேங்கடாசலபதியோட ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ புத்தகத்துல இந்தக் கதை விரிவா இருக்கு. நான் சொல்ல வர்றது அளவு சம்பந்தப்பட்ட விஷயம்.

அப்போதான் அந்த ரெண்டாவது வாக்கியம் ஞாபகம் வந்தது. “போட்டாலும் நல்லா வரல, தண்ணியா இருக்கு.” பரண்ல இருந்த பில்டரை எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்தேன். விட்டம் 9 சென்டிமீட்டர். நாலஞ்சு பேர் வீட்டுக்கான பில்டர். அதுல ஒரு ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் பொடி போட்டா, படுகை அரை சென்டிமீட்டர் கூட நிக்காது. தண்ணி சரசரன்னு இறங்கிடும், பொடியோட சேர்ந்து இருக்க நேரமே இல்ல. டிக்காஷன் தண்ணியாத்தான் வரும். அம்மா கைப்பக்குவம் போகல, பில்டருக்கு ஆள் பத்தல. ரெண்டு வருஷமா ‘எனக்கு இப்போ காபி போடவே வரல’ன்னு அவங்க நெனச்சிட்டு இருந்திருக்காங்க.

கீழ வீதி பக்கம் ஒரு பாத்திரக் கடையில ரெண்டு பேர் அளவு ஸ்டீல் பில்டர் வாங்கினேன், முந்நூத்திச் சொச்சம். விட்டம் 6 சென்டிமீட்டர். பரப்பளவு விட்டத்தோட வர்க்கத்துல போகும், அதனால அதே பொடி ரெண்டேகால் மடங்கு உயரமா நிக்கும். திருகற மாடல் இல்ல, மேல் பாத்திரம் சும்மா உக்கார்ற மாடல், மணிக்கட்டுக்காக. ராத்திரி படுக்கும்போது தண்ணி ஊத்தி வெச்சா காலையில டிக்காஷன் தயார். முதல் நாள் குடிச்சிட்டு அம்மா டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. “சரியா இருக்கு”ன்னு மட்டும் சொன்னாங்க.

மெஷின் இப்போ சென்னையில என் ரூம்ல. அமெரிக்கா டீமோட ராத்திரி 11 மணி கால் இருக்கற நாள்ல, பால் இல்லாம ஒண்ணு போட்டுக்கறேன். அதுக்கு அது நல்ல மெஷின். தனி ரூம், பால் வேண்டாம், பாத்திரம் கழுவ சோம்பேறித்தனம், குப்பியைக் கீறிச் சக்கையை எடுத்துக் கழுவி வெக்கற பொறுமை, இந்த நாலும் இருந்தா வாங்குங்க. ஊர்ல அப்பா அம்மாவுக்கு வாங்கறதுக்கு முன்னாடி, அவங்க பில்டர் எத்தனை பேருக்கானதுன்னு ஒரு தடவை பாருங்க.

போன ஞாயித்துக்கிழமை அம்மா போன் பண்ணினாங்க. நூறு கிராம் பொடி பத்தலையாம், இந்தத் தடவை இருநூறா வாங்கியிருக்காங்க. அக்கா தினமும் வர்றாங்களாம்.