கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

மக்களாட்சியில் மிகுதியான வாக்குகள் பெற்றவரே வெல்வார் என்பது நாம் பள்ளியிலேயே படித்த பாடம். ஆனால் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இப்பாடம் ஐந்து முறை பொய்த்திருக்கிறது. 1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் மக்களிடம் அதிக வாக்குப் பெற்றவர் பதவிக்கு வரவில்லை. காரணம் என்ன? சிறிது கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

அமெரிக்க மக்கள் தம் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்வாளர்களையே தேர்ந்தெடுக்கின்றனர். பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்திற்குள்ள உறுப்பினர் எண்ணிக்கையுடன் செனட் உறுப்பினர் இருவரையும் கூட்டினால் வருவதே அம்மாநிலத்தின் தேர்வாளர் தொகை. இவ்வாறு 435-ம் 100-ம், தலைநகர் வாஷிங்டனுக்கு 3-ம் சேர்ந்து மொத்தம் 538. இதில் 270 பெறுபவர் தலைவராவார்.

மெயின், நெப்ராஸ்கா நீங்கலாக 48 மாநிலங்களிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் போய்ச் சேருவர். 2000-இல் ஃபுளோரிடாவில் ஜார்ஜ் புஷ் பெற்ற கூடுதல் வாக்குகள் 537 மட்டுமே. ஆயினும் அங்குள்ள 25 தேர்வாளரும் அவருக்கே கிடைத்தனர். நாடு முழுவதும் ஐந்து லட்சத்திற்கும் மேல் கூடுதல் வாக்குப் பெற்ற ஆல் கோர், 266-க்கு 271 என்ற கணக்கில் தோற்றார்.

மூன்றாம் அணி தழைக்காததற்கும் இம்முறை ஒரு முக்கியக் காரணம். 1992-இல் ராஸ் பெரோ நூற்றுக்கு ஏறத்தாழ 19 வாக்குகள் பெற்றும், ஒரு தேர்வாளர் கூடக் கிடைக்கவில்லை. 1968-இல் ஜார்ஜ் வாலஸ் நூற்றுக்குச் சுமார் 13 வாக்குகளே பெற்றார். அவை தென் மாநிலங்களில் குவிந்திருந்தமையால் 46 தேர்வாளர் வாக்குகள் கிட்டின. பரவிக் கிடக்கும் ஆதரவுக்கு இங்கே மதிப்பில்லை. ஆகவே வாக்கை வீணாக்க விரும்பாதவர்கள் இரு பெரும் கட்சிகளுள் ஒன்றையே நாடுகின்றனர். 1853 முதல் பதவியேற்ற தலைவர் அனைவரும் ஜனநாயகக் கட்சியினர் அல்லது குடியரசுக் கட்சியினரே.

இன்னொரு கணக்கும் உண்டு. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, வயோமிங்கில் சுமார் 1,92,000 பேருக்கு ஒரு தேர்வாளர். கலிபோர்னியாவில் சுமார் 7,32,000 பேருக்கு ஒருவர். எழுத்தறியாத என் தந்தையின் வாக்கும் எங்கள் பேராசிரியரின் வாக்கும் எண்ணும்போது ஒன்றே என்பதில் பெருமை கொள்பவன் நான். குடியிருக்கும் மாநிலத்தால் ஒருவர் வாக்கின் எடை ஏறத்தாழ நான்கு மடங்கு மாறுவது எனக்கு வியப்பளிக்கிறது.

சிறிய மாநிலங்களைப் பெரியவை விழுங்கிவிடாமல் இம்முறை காக்கிறது என்பர் ஆதரவாளர். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. மாற்றம் எளிதுமன்று. நேரடித் தேர்தலுக்கான திருத்தம் 1969-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், 1970-இல் செனட் சபையில் முடங்கிப் போயிற்று. அங்கே தப்பியிருந்தாலும் 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். இம்முறையால் பயன்பெறும் சிறு மாநிலங்கள் எளிதில் இசையுமா?

வாக்குரிமை கிடைத்துவிட்டால் மக்களாட்சி முழுமை பெற்றுவிட்டது என எண்ணுகிறோம். அது பாதிதான், அவ்வாக்கை எவ்வாறு எண்ணுகிறார்கள் என்பது மறுபாதி. அறிவியல் மாணவர்களும் அரசியலைக் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?