தேய்வது இயந்திரம், தசையுமா?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் லேத் இயந்திரத்தின் முன் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை வாரந்தோறும் சந்திரசூடேசுவரர் மலைக்குப் படியேறிச் செல்வார். ஓய்வுக்குப்பின் நாற்காலியே கதியாயிற்று. ஒருநாள் கைப்பிடிகளை ஊன்றி, மிகுந்த சிரமத்துடன் அவர் எழுவதைக் கண்டேன். "கொஞ்சம் நடக்கலாமே, ஐயா" என்றேன்.

"பேரிங் ஓட ஓடத் தேயும், சார். வயதான உடம்பும் அப்படித்தானே? இருப்பதைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

அவர் கூறியது சரிதானா? மாணவர்களே, முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

அவருடைய நிறை 60 கிலோகிராம். நாற்காலியிலிருந்து எழும்போது உடலின் நிறைமையம் ஏறத்தாழ 0.3 மீட்டர் உயர்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், செய்யப்படும் வேலை 60 × 10 × 0.3 = 180 ஜூல். அதே நிறையுள்ள இளைஞன் எழுந்தாலும் வேலை அதுவேதான். ஆனால் இளைஞன் 1 வினாடியில் எழுகிறான். அவனது திறன் 180 வாட். பெரியவருக்கு 3 வினாடி ஆகிறது. அவரது திறன் 60 வாட் மட்டுமே!

முதுமையில் தசையின் விசை குறைகிறது. திறன் அதைவிட விரைவாகக் குறைகிறது. வேகமாகச் சுருங்கும் தசையிழைகள் அதிகமாக மெலிவதே இதற்கு முக்கியக் காரணம். கால் இடறினால் மறுகாலை நொடியில் முன்வைத்து உடலைத் தாங்க வேண்டும் அல்லவா? அதற்கு வேண்டியது இந்தத் திறன்தான். அது போதாதபோது முதியோர் விழுகின்றனர். இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிவிடுவோரும் உண்டு.

இந்த இழப்பு முழுவதும் வயதின் குற்றமா? 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தனர். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை விளைவித்த இழப்பைவிட, மூன்று வாரப் படுக்கை விளைவித்த இழப்பே பெரிது! பின்னர் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் எனப் பயிற்சி அளித்தபோது, அந்த முப்பதாண்டு இழப்பு மீண்டுவிட்டது.

"அவர்களுக்கு ஐம்பது வயதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். 1990-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 90! முதியோர் இல்லத்தில் இருந்த அவர்கள் எட்டு வாரம் கால்களால் எடை தூக்கிப் பழகினர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது; இருவர் கைத்தடியையே விட்டுவிட்டனர். ஆனால் தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதமே கூடியது. மீதி வலிமை எங்கிருந்து வந்தது? உறங்கிக் கிடந்த தசையிழைகளையும் வேலைக்கு அழைக்க நரம்புகள் கற்றுக்கொண்டன. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்தும் போயிற்று.

ஆகவே, பேரிங் உவமை இங்கே பொருந்தாது. தேய்ந்த பேரிங் தானாக வளராது. தசை உயிருள்ளது, அளவான சுமை கொடுத்தால் புதுப் புரதத்தைச் சேர்த்துக்கொண்டு வலுப்பெறும், சும்மா விட்டால் மெலியும்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அறிவுரை இது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை போன்ற மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி, மூன்று நாளாவது உடற்சமநிலைப் பயிற்சி. இதய நோய், தலைச்சுற்றல் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

எங்கள் பெரியவரும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கினார். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, முதலில் கையூன்றி ஐந்து முறை எழுந்து அமர்ந்தார். இரண்டு மாதத்தில் கையூன்றாமல் 2 வினாடியில் எழுந்தார். திறன் 90 வாட்! கணக்கைச் சொன்னதும், "பழைய மோட்டார் இன்னும் இழுக்குது, சார்" என்று சிரித்தார்.

இன்று மாலை உங்கள் தாத்தா, பாட்டி நாற்காலியிலிருந்து எழும் நேரத்தை அளந்து பாருங்கள். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். அவர்களின் திறன் எத்தனை வாட்?